நான் சொல்லாத மூன்று மணி நேரம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் என்னைக் காண வந்தவர்களிடம், குடலிறக்கத்துக்காக அறுவை நடந்தது என்றே சொல்லி வந்தோம். அது உண்மை இல்லை. எனக்கு நடந்தது விரையில் செய்யப்பட்ட அறுவை. இடப்பக்க விரை, தன்னைத் தாங்கி நிற்கும் நாளத்தோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு, இரத்தம் குன்றிப் போயிற்று.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் நான். ஆயினும் அந்த உறுப்பின் பெயரை மருத்துவரிடம் சொல்ல என் நா எழவில்லை. அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்தேன். இரண்டையும் மறைக்காமல் எழுதினால், இதே வலியில் கிடக்கும் வேறொருவருக்குச் சிறிது நேரமாவது மிஞ்சக்கூடும்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் உள்ளது. என் துணைவி வசந்தா பட்டு நெய்பவள். சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும் கோர்வைச் சேலையை ஒருவர் தனியாக நெய்ய இயலாது. குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடா, உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு ஒவ்வொன்று என மூன்று வேண்டும். தறியின் குழியில் கால்வைத்து மிதிப்பவர் இரண்டை ஓட்டுவார். பக்கத்தில் சம்மணமிட்டு அமர்பவர் மூன்றாவதை எறிந்து கொடுப்பார். பணி ஓய்வுக்குப் பின் அந்தப் பக்கத்து இடம் என்னுடையதாயிற்று. பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் தறி நின்றுவிடும். அதனால் எங்கள் தெருவில், தறியில் அமர்ந்தவர் உடல் நோகிறது என்று இடையில் எழுவதில்லை. இடுப்புக்குக் கீழே எங்கு வலித்தாலும் அதற்குத் தறி வலி என்று ஒரே பெயர். நெய்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்த பின் படுத்தால் சரியாகிவிடும் என்பது பொதுவான கருத்து.

அன்று காலை ஒரு முகூர்த்தச் சேலையின் கடைசிப் பகுதி தறியில் இருந்தது. மாலைக்குள் அறுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தோம். வானொலியில் செய்தி முடிந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். மணி எட்டு பத்து. இடப்பக்க விரையில் யாரோ கயிற்றைச் சுண்டி இழுத்ததுபோல் ஒரு வலி எழுந்தது. மெல்ல வளரவில்லை, ஒரே கணத்தில் முழு வலியாக வந்தது. அமர்ந்த நிலையை மாற்றினேன். குறையவில்லை. தறி வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாடாவை எறிந்தபடி இருந்தேன்.

பதினொரு மணிக்கு உமிழ்நீர் பெருகிக் குமட்டிற்று. அடிவயிறு வலிக்கிறது என்று எழுந்தேன். உடம்புச் சூடாக இருக்கும் என்று வசந்தா தொப்புளிலும் கால் கட்டைவிரலிலும் விளக்கெண்ணெய் தடவினாள். சற்று நேரத்தில் வாந்தி எடுத்தேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"நாப்பது வருசமா தறி வலி பாக்கறேன். வாந்தி எடுத்தவங்கள பாத்ததில்ல. எங்க வலிக்குது, சரியா சொல்லுங்க."

இடத்தைச் சொன்னேன். எப்போது தொடங்கிற்று என்று அடுத்துக் கேட்டாள். இப்போதுதான், பதினொரு மணிக்கு என்றேன்.

இந்தப் பொய்க்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு எனக்கு நெஞ்சுவலி வந்தபோது ஓர் இரவு முழுதும் அவளிடம் சொல்லாமல் இருந்தேன். அதன் விளைவாக இதயக் குழாயில், அடைப்பை விரித்து வைக்கும் நுண்ணிய வலைக்குழல் ஒன்றைப் பொருத்த நேர்ந்தது. இனி எந்த வலியையும் ஒளிப்பதில்லை என்று அப்போது என்னிடம் வாக்குப் பெற்றிருந்தாள். மூன்று மணி நேரம் அவள் தோளருகே அமர்ந்து ஒளித்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஆட்டோ எனப்படும் தானியில் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றோம். அவசரப் பிரிவில் இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். என்ன தொல்லை என்று கேட்டார். அடிவயிற்றின் கீழ்ப்புறத்தே கடுநோவு என்றேன். அவர் வயிற்றை அழுத்திப் பார்க்கத் தொடங்கினார். வசந்தா குறுக்கிட்டாள்.

"வயிறு இல்ல டாக்டரம்மா. அவருக்கு விதையில வலி."

மருத்துவர் உடனே கையை எடுத்துவிட்டு, எத்தனை மணிக்குத் தொடங்கிற்று என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்காமலே வசந்தா பதினொன்று என்றாள். நான் மறுக்கவில்லை. அவர் அதை எழுதிக்கொண்டார். அந்த எண் பின்னர் ஒவ்வொரு தாளிலும் ஏறிற்று.

முதலில் சிறுநீர் ஆய்வு. அதன்பின் குருதி ஆய்வு. பிறகு இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஒலியலைப் படம், மக்கள் வழக்கில் ஸ்கேன். ஸ்கேன் அறைக்கு வெளியே இருக்கைகள் நிறைந்திருந்தன. கருவுற்ற பெண்கள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தனர். அவர்களுக்கு முன்னால் என்னை உள்ளே அழைத்தபோது ஒருவர் முணுமுணுத்தார். நானும் அவர் பக்கமே நியாயம் என்று எண்ணினேன். முந்தி அழைக்கப்படுவது நன்மைக்கு அன்று என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒன்றேகால் மணிக்கு அறுவை மருத்துவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், பேச்சில் சுற்று இல்லை. படுக்க வைத்து, தொடையின் உட்புறத்தை விரலால் மெல்ல நீவினார். இயல்பான நிலையில் அப்பக்கத்து விரை மேலே ஏறுமாம். வலப்பக்கம் ஏறிற்று, இடப்பக்கம் அசையவில்லை. பின்னரே வலி தணிக்கும் ஊசி போடச் சொன்னார்.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். திடீரென்று விரை வலிப்பதற்கு முதன்மையாக இரண்டு காரணங்கள். ஒன்று அழற்சி; சிறுநீர்த் தடத்துக் கிருமி விரையின் பின்புறக் குழாயில் பரவி வீங்கச் செய்வது. என் வயதில் பெரும்பாலும் இதுவே வரும். மருந்தால் ஆறும், கத்தி வேண்டியதில்லை. மற்றொன்று முறுக்கம். விரை, குருதிக்குழாய்களைக் கொண்ட ஒரு கொடியில் தொங்குகிறது. அக்கொடி திருகிக்கொண்டால் இரத்தம் போகாது. இது இளைஞர்க்கு மிகுதி, முதியோர்க்கு அரிது. ஆனால் வராது என்பதில்லை. முறுக்கமானால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் திறந்து திருகலை எடுக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு மணிக்கும் உறுப்பு பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

என் சிறுநீரில் கிருமிக்கு அடையாளம் இல்லை. ஸ்கேனில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. முற்றிலும் இல்லாமலும் இல்லை. அழற்சியாயின் ஓட்டம் கூடியிருக்க வேண்டும். ஆகவே முறுக்கம் என்றே தாம் ஐயுறுவதாகவும், திறந்து பார்த்தால்தான் உறுதியாகும் என்றும் அவர் சொன்னார்.

அப்போது மயக்க மருந்து மருத்துவர் என் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். இதயத்து வலைக்குழல் அடைபடாமல் இருக்க, இரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை அன்று காலையும் நான் உட்கொண்டிருந்தேன். அதனால் முதுகுத்தண்டில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்யும் எளிய முறை கூடாது. ஊசி பட்ட இடத்தில் இரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்தலாம். முழு மயக்கமே கொடுக்க வேண்டும். அது இதயத்துக்குச் சுமை. அறுத்த இடத்திலும் இரத்தம் எளிதில் நிற்காது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாமா என்றால், குழல் அடைபடும் அச்சம் உண்டு.

என் மகன் செந்தில் இதற்குள் ஒரகடத்திலிருந்து வந்துவிட்டான். அங்கே ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவன் இரண்டு மருத்துவர்களிடமும் கேள்விகள் கேட்டான். அறுவை மருத்துவர் ஒரு வழி சொன்னார்.

"பதினொரு மணிக்குத்தான் ஆரம்பிச்சதுன்னா நமக்குக் கொஞ்சம் டைம் இருக்கு. கிருமிக்கு மருந்து ஏத்துவோம். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுப்போம். அதுக்குள்ள இதய டாக்டர்கிட்டயும் பேசிடலாம். ஓட்டம் கூடினா அறுக்க வேணாம். குறைஞ்சா உடனே தியேட்டர்."

செந்தில் முகத்தில் தெளிவு வந்தது. "அப்டியே பண்ணலாம் சார்" என்றான். மயக்க மருந்து மருத்துவரும் தலையசைத்தார். எனக்கும் அதுவே விருப்பமாக இருந்தது. காத்திருப்பது என்பதை ஒரு முடிவாகவே நான் எண்ணவில்லை. முடிவெடுக்காமல் இருப்பதற்கு யாரோ கொடுத்த அனுமதிபோல் அது இனித்தது. ஊசியால் வலியும் சற்றுத் தணிந்திருந்தது. அந்த ஆறுதலோடு, வலி குறைந்தால் அது நலமடைவதன் குறியா என்று கேட்டேன்.

 அழற்சியாயின் ஆம் என்றார் அறுவை மருத்துவர். முறுக்கமாயின், உறுப்பு சாகும்போதும் வலி குறையும் என்றார். வலியை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதனால்தான் மணிக்கணக்கைப் பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது என்றார்.

அப்போதுதான் உணர்ந்தேன். நால்வரும் என்னைச் சுற்றி நின்று எடுத்த முடிவுக்கு அடித்தளமாக இருந்தது நான் சொன்ன ஒரு பொய். அவர்கள் கணக்கில் அது மூன்றாம் மணி. உண்மையில் ஆறாம் மணி நெருங்கிக்கொண்டிருந்தது. வசந்தாவை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாமா என்றும் ஒரு கணம் எண்ணினேன். அதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கவே இன்னும் சில நிமிடங்கள் போகும்.

"ஒரு திருத்தம்" என்றேன். "வலி தொடங்கியது பதினொரு மணிக்கு இல்லை. காலை எட்டு மணி பத்து நிமிடத்திற்கு."

 அறுவை மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வசந்தா கட்டிலின் கம்பியைப் பிடித்தாள்.

"மூணு மணி நேரம் எம் பக்கத்துலயே குந்திக்கினு, நாடா போட்டுக்கினு இருந்தீங்களா?"

ஆம் என்றேன்.

"இன்னாபா நீ" என்று செந்தில் தொடங்கினான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். மருத்துவரிடம், இப்போது என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். இனிக் காத்திருக்க இடமில்லை; திறப்பதா, அந்த உறுப்பைக் கைவிடுவதா என்பதே கேள்வி என்றார் அவர். உயிருக்கு ஆபத்து வரும் வாய்ப்பு சிறிது. ஆனால் இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார் மயக்க மருந்து மருத்துவர்.

செந்தில் என் காதருகே குனிந்தான். 

"விட்டுடுபா. இந்த வயசுல அது ஒண்ணு இல்லன்னா இன்னா? எங்களுக்கு நீ வேணும்."

அவன் சொன்னதில் அன்பு இருந்தது, நியாயமும் இருந்தது. மகவு பெறும் வயது எனக்குக் கடந்துவிட்டது. ஆனால் இந்த வயதில் எதற்கு என்ற கேள்வியை, உறுப்புக்கு உடையவன் கேட்கலாம். பிறர் கேட்கும்போது உடம்பு முழுதும் ஒருமுறை சுருங்குகிறது. அதை அவனிடம் சொல்லவில்லை. மருத்துவரிடம் இரண்டு ஐயங்கள் கேட்டேன். கைவிட்டால் அது என்னாகும்? பெரும்பாலும் சுருங்கிப்போகும், சிலருக்கு அழுகிக் காய்ச்சல் வந்து, பிறகு அறுத்தே எடுக்க நேரும். மற்றப் பக்கத்துக்கும் இது வருமா? முறுக்கத்துக்கு இடங்கொடுக்கும் தளர்ந்த அமைப்பு பலருக்கு இருபுறமும் இருக்கும். ஆதலால் திறந்தால் இரண்டையும் தைத்து நிலைநிறுத்துவது வழக்கம்.

இரண்டாம் விடை எனக்குப் போதுமானதாக இருந்தது. அறுவைக்கு இசைகிறேன் என்றேன். ஆராய்ந்து எடுத்த முடிவு என்று பின்னாளில் பலமுறை என்னையே பாராட்டிக்கொண்டேன். உண்மையில் பாதி ஆராய்ச்சி. மீதி, என் உடலில் உள்ளதை இழக்க மனம் ஒப்பாமை. ஒப்புதல் தாளில், உறுப்பு இறந்திருந்தால் அகற்றலாம் என்ற வரியின் கீழும் கையொப்பமிட்டேன். வசந்தா தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். 

இரண்டேகால் மணிக்கு உள்ளே கொண்டுசென்றனர். அதன்பின் நடந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் அறுவை மருத்துவர் சொல்லக் கேட்டதே. கொடி முழுதாக ஒரு சுற்றுத் திருகியிருந்தது. விரை கருநீலமாக இருந்தது. திருகலை எடுத்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் சுற்றி வைத்துவிட்டு, கால்மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். வெளியே எங்களுக்குக் கிடைக்காத காத்திருப்பு மேசைமேல் நிகழ்ந்திருக்கிறது. பின் துணியை எடுத்துப் பார்த்தபோது அரைப்பகுதி சிவந்திருந்தது. மறுபகுதி கருத்தே இருந்தது. சிறு கீறல் இட்டபோது செங்குருதி கசிந்தது. எடுப்பதா விடுவதா என்று எண்ணி, விட்டுவைத்தார். இரண்டு பக்கமும் தையலிட்டு நிறுத்தினார். பிழைத்ததா என்பது மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் தெரியும் என்றார்.

மருத்துவமனையில் ஏழு நாட்கள் இருந்தேன். மூன்றாம் நாளில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன். எதிர்பார்த்தபடியே குருதி உள்ளே கசிந்து, விரைப்பை ஒரு மாங்காய் அளவு வீங்கிற்று. அழுத்திக் கட்டுப்போட்டு, கீழே துணிச்சுருள் வைத்து உயர்த்தி, மல்லாந்தே கிடக்கச் சொன்னார்கள். மார்பில் ஒட்டிய கம்பிகள் இரண்டு நாள் இதயத்தைக் கவனித்தன. அது ஒழுங்காகவே நடந்துகொண்டது.

பக்கத்துப் படுக்கையில் ஓரிக்கையைச் சேர்ந்த கொத்தனார் ஆபிரகாம் இருந்தார். அவருக்கு மெய்யாகவே குடலிறக்கம். நானும் அதற்கே வந்ததாக அவரிடம் சொன்னேன். நான் முதன்முதலாக எழுந்து கழிப்பறைக்கு நடந்ததைத் தலைசாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், குடலெறக்கம்னா என்ன மாதிரி ஒரு பக்கமா சாஞ்சி நடக்கணும். நீங்க ஆட்டுக்கல்ல நடுவுல வச்சிக்கினு நடக்கற மாதிரி நடக்கறீங்களே."

சிரிக்கக் கூடாத நிலையில் சிரித்தேன், தையல் சுரீரென்றது. அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. தம் மைத்துனர் ஒருவருக்கு இதே வந்து, யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் கிடந்து, ஒன்றை எடுக்க நேர்ந்ததாகச் சொன்னார். பிறகு தமக்கு வந்த இளநீரில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

செந்தில் நாள்தோறும் வேலை முடிந்து நேரே வந்தான். முகம் மழித்துவிட்டான், நான் வேட்டியை மாற்றும்போது வாயிலை மறித்து முதுகு காட்டி நின்றான். வசந்தா பகலெல்லாம் இருந்தாள். கஞ்சி ஊட்டினாள், செவிலியரிடம் மருந்து நேரங்களைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டாள், விசாரிக்க வந்தவர்களைக் குடலிறக்கம் என்று சொல்லி வாயிலிலேயே அனுப்பினாள். அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. நானாகத் தொடங்கினால், சூடு ஆறுது சாப்பிடுங்க என்பாள். ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சேலை என்னாயிற்று என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அம்மையார் உடன் அமர்ந்து முடித்து, மறுநாள் கொடுத்தாயிற்று என்றாள்.

மூன்று மாதம் கழித்து அதே ஸ்கேன் அறைக்குச் சென்றோம். இம்முறை என் முறை வரும்வரை அமர்ந்திருந்தேன். முடிவை அறுவை மருத்துவர் தெளிவாகச் சொன்னார். இடப்பக்க விரை பாதியாகச் சுருங்கியிருக்கிறது. மீதிப் பாதியில் இரத்த ஓட்டம் நன்றாக உள்ளது. வலப்பக்கம் உறுதியாக நிற்கிறது. முன்னமே வந்திருந்தால் முழுதும் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். எட்டு மணிக்கே கிளம்பியிருந்தால் பெரும்பாலும் என்றார். அன்று மேலும் ஒரு மணி நேரம் காத்திருந்தால்? இந்தப் பாதியும் இருந்திருக்காது என்றே தாம் எண்ணுவதாகச் சொன்னார்.

வெளியே வந்து தானிக்காக நின்றோம். வெயில் கடுமையாக இருந்தது. வசந்தா குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தாள். வண்டிகளைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னிக்கு ஒம்போது மணிக்கே எனக்குத் தெரியும். உங்க நாடா லேட்டா லேட்டா வந்துக்கினு இருந்துது. நெத்தியில வேர்வை. ஒடம்புக்கு இன்னான்னு வாய் வரைக்கும் வந்துது. கேட்டா எழுந்துடுவீங்க, ஒரு முழம் பாக்கி இருக்குதேன்னு கேக்கல."

 மூன்று மாதம் அவள் என்மேல் சினந்திருக்கிறாள் என்றே எண்ணியிருந்தேன். நீ கேட்டிருந்தாலும் நான் தறி வலி என்றுதான் சொல்லியிருப்பேன் என்றேன்.

"சொல்லியிருப்பீங்க. நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றாள்.

இதையெல்லாம் எழுதலாம் என்றிருக்கிறேன், உனக்கு ஒப்புதலா என்று தானியில் வரும்போது கேட்டேன். ஊரே படிக்குமா என்றாள். சிலர் படிப்பர் என்றேன்.  வீட்டு வாயிலில் இறங்கி, குடையை மடக்கிக்கொண்டே சொன்னாள்.

"எழுதுங்க. எம் பங்கையும் சேத்து எழுதுங்க."